ஆழம் எழுதிய நட்சத்திரம்

வார்டோவில் நவம்பர் கடைசியில்
சூரியன் கணக்கை முடித்துக்கொண்டு போய்விடும்.
ஜனவரி பாதிவரை வராது.
அதுவரை ஜன்னலுக்கு ஒரு நட்சத்திரம்.
சட்டமில்லை, வழக்கம்தான்;
ஆனால் இருண்ட ஜன்னலைக் கண்டால்
தபால்காரர்கூடக் கதவைத் தட்டி
உடம்புக்கு ஒன்றுமில்லையே என்பார்.

கடையில் நட்சத்திரம் நானூறு குரோனர்.
எடுத்தேன், திருப்பினேன், வைத்தேன்.
தொழிற்சாலையில் இரண்டு மணிநேரம்
நண்டுக்கால் உடைத்தால் வரும் காசு அது.
வீட்டில் மின்கட்டணச் சீட்டு
ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்துக்கடியில் துடிக்கிறது.

காகிதத்துக்கா பஞ்சம்?
ரொட்டி கட்டும் பழுப்புப் பைகள் தீர்ந்திருந்தன.
அலமாரிக்குப் பின்னால்
சுருள் சுருளாக நின்றன,
பெர்கனுக்குப் போனவன் விட்டுப்போன கடல் வரைபடங்கள்.
வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றான்.
ஆறு வருடம் ஒரு வார்த்தைக்குக் காவலிருந்தோம்,
அவையும் துடைப்பமும் நானும்.

கத்தரிக்கோல் கொஞ்சம் தயங்கியது என்று
சொல்ல ஆசைதான்.
தயங்கவில்லை. நறுக்கென்று போனது.

உள்ளங்கை அகலத்தில் ஒன்பது பைகள்.
அடியில் ஒரு கோடு, நடுவில் ஒரு கோடு
கோதுமைக் கஞ்சி தடவி
ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி,
வாய்ப்பக்கத்தைக் கூராக நறுக்கி,
காய்ந்தபிறகு (அவசரப்படாதீர்கள், நான் பட்டேன்)
விசிறிபோல் விரித்து
முதல் பையைக் கடைசிப் பையோடு சேர்க்க வேண்டும்.
முதல் நட்சத்திரம் பாதியில் வாய்பிளந்தது.
இரண்டாவது, உதைபட்ட முட்டைக்கோஸ்.
வரைபடத்தாள் முரட்டுத்தாள்; மடிப்பைக்
கரண்டிக் காம்பால் அழுத்தித் தேய்த்தால்தான்
வழிக்கு வரும்.
மூன்றாவது விரிந்தது.

உள்ளே சின்ன விளக்கைத் தொங்கவிட்டபோதுதான் பார்த்தேன்,
கதிருக்குக் கதிர் எண்கள்:
பன்னிரண்டு, முப்பத்தொன்று, ஏழு, நூற்று நாற்பது.
கடலின் ஆழமெல்லாம்
எறும்புச்சாரியாக என் ஜன்னலில் ஏறிக்கொண்டிருந்தன.

மறுநாள் பனியில் நின்று
அதை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார்.
ஹால்வார். நண்டுப்படகு வைத்திருப்பவர்,
பேச்சில் கருமி.
"குன்வோர், உன் மூன்றாவது கதிரில்
ஹோர்னோயா தீவு தலைகீழாகக் கிடக்கிறது.
இந்த வழியில் போனால் படகு உடையும்."
"என் ஜன்னலில் படகு ஓட்டாதீர்கள்" என்றேன்.

ஞாயிறன்று தன் வரைபடத்தோடு வந்தார்.
காபிக் கறை, டீசல் வாடை.
எனக்கும் ஒன்று செய்துகொடு.
விரல் ஓரிடத்தில் போய் நின்றது:
பெயரில்லாத பாறை, சின்னச் சிலுவைக் குறி.
எண்பத்தொன்பதில், அலையில்லாத ஒரு மதியத்தில்,
படகை அதன்மேல் ஏற்றி உட்காரவைத்தவர் இவர்.
ஊருக்கு அது இன்றைக்கும் ஹால்வாரின் நாற்காலி.
"இது மட்டும் தெரியக்கூடாது."

நகவெட்டியால் வட்டமாக
அந்தப் பாறையைக் கிள்ளியெடுத்தேன்.
அரிசியளவு. ஊதினேன், போய்விட்டது.
அத்தோடு தீர்ந்தது என்றே
இருவரும் நினைத்தோம்.

விளக்கைப் போட்டோம்.
நட்சத்திரம் முழுக்க மங்கலான மஞ்சள்;
அந்த ஓட்டையில் மட்டும்
வெளிச்சம் ஊசியாகக் குத்தியது.
துறைமுகத்திலிருந்தே தெரிகிறதாம்.
"வேறொன்று செய்கிறேன்" என்றேன்.
அவர் தொப்பியைக் கழற்றினார், போட்டார்,
மறுபடி கழற்றினார்.
"இருக்கட்டும்.
அங்கே ஒரு விளக்கு
அன்றைக்கே வைத்திருக்க வேண்டும்."

டிசம்பர் இரண்டாம் வாரம்
பெர்கனிலிருந்து ஒரு குறுஞ்செய்தி:
வரைபடங்கள் பத்திரமா?
கைகளில் பசை. மூக்கால் தட்டிப் பதில் அனுப்பினேன்:
ஜன்னலில் இருக்கின்றன.
தெருவில் நின்று பார்த்துக்கொள்ளலாம், இலவசம்.

இதுவரை பதினொன்று செய்தாயிற்று.
நூலகத்துக்கு இரண்டு, பல்மருத்துவருக்கு ஒன்று,
தபால்காரருக்கு
நீலம் மட்டுமே உள்ள நடுக்கடல் துண்டில் ஒன்று.
சூரியன் திரும்பியதும்
விசிறியை மூடுவதுபோல் மூடி
மேசை இழுப்பறையில் போட்டுவிடலாம்,
இடமே அடைக்காது.
கிண்ணத்தில் கஞ்சி மிச்சமிருக்கிறது.
மூட மறந்துவிட்டேன்,
மேலே ஆடை கட்டியிருக்கிறது,
துறைமுகத்தின் ஓரத்தில்
பனி கட்டத் தொடங்குவதுபோல்.